சருமம் எளிதில் எரியும் உடலுக்கு எந்த அந்தரங்க இன்பக் கருவி ஒத்துக்கொள்ளும்?

முதலில் பார்க்க வேண்டியது வேகமோ வடிவமோ அல்ல, நுண்துளை. நுண்துளை இல்லாத பொருள் என்றால் நீரும் கிருமியும் உள்ளே இறங்க வழியில்லாத பரப்பு. சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் கறையும் வாடையும் போகாது. எவர்சில்வர் டப்பா ஒரே கழுவலில் பளிச்சென்றாகும். ஜெல்லி ரப்பர், டிபிஇ (ரப்பர் போல வளையும் மென்பிளாஸ்டிக்) எல்லாம் அந்த பிளாஸ்டிக் டப்பா ஜாதி. பிவிசி பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் என்ற ரசாயனம் மெல்ல வெளியே கசியும். பெட்டியைத் திறந்ததும் புது ரெக்சின் வாடை அடித்தால், கை பிசுபிசுத்தால், பயன்படுத்த வேண்டாம்.

சிலிக்கோன், எவர்சில்வர், போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி நல்லவை. மோட்டார் இல்லாத முழு சிலிக்கோனை 3 முதல் 5 நிமிடம் கொதிநீரில் போடலாம். மோட்டார் உள்ளதற்கு வாசனையில்லாத சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே எரியும்.

உராய்வைக் குறைக்க நீர் சார்ந்த வழவழப்பு ஜெல் போடுங்கள். சிலிக்கோன் ஜெல் சிலிக்கோன் பரப்பையே கெடுக்கலாம். கிளிசரின் அதிகமுள்ள ஜெல் திசுவிலிருந்து நீரை இழுத்து எரிச்சல் தரும்.

கொழகொழவென்று இருப்பதுதான் மென்மையான உடலுக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். மலிவான கருவிகளில் அந்தக் கொழகொழப்பு பெரும்பாலும் இளக்க எண்ணெயின் வேலை.