“அதான் உனக்கே தெரியுமே!”

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக் கிராமம் என்னுடையது. புதுச்சேரியில் பட்டம் முடித்தேன். ஆவணப்படம் எடுக்க ஆசை. சினிமாப் படிப்பில்லை, ஆங்கிலமும் தடுமாறும். கிராமத்தில் வளர்ந்தது எனக்குக் குறைதானே?
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: குறையே இல்லை, அம்மா. மாசியில் பூ, பங்குனி சித்திரையில் கொட்டை என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எந்தக் காட்டைச் சாய்த்தது என்பதும் உங்களுக்கு அத்துப்படி. வெளியூர்க் குழு இதைக் கேட்டறியவே நாட்கள் ஓடிவிடும்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. “பெரியம்மா, கொட்டை உடைக்க ஏன் கையில் சாம்பல் பூசுறீங்க?” என்று கேட்டால், “அதான் உனக்கே தெரியுமே” என்று முடித்துவிடுவார். தோட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பது அவர் வாயால் வராவிட்டால், பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. முந்திரிக்காடே பார்க்காத ஒரு கல்லூரித் தோழியைக் கூட்டிப் போங்கள். கேள்வி அவர் கேட்கட்டும், கேமரா உங்களிடம் இருக்கட்டும். பதில் முடிந்த பிறகும் 10 விநாடி நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முக்கியமான பேச்சு பல நேரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

படம் சுமாராக இருந்தாலும் பார்த்துவிடுவார்கள். ஒலி கெட்டால் எழுந்து போய்விடுவார்கள். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். திறந்தவெளி என்றால் காற்றிரைச்சலைத் தடுக்க மைக்குக்கு ரோம உறை கட்டாயம். கொட்டை உடைக்கும் சத்தம் பேச்சை விழுங்கும், அதனால் வேலை நின்றதும் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். கிளம்பும் முன் எல்லோரும் பேசாமலிருக்க, அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் உதவும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப்லைட் வெளிச்சத்தில் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று கேமராவில் வையுங்கள். இல்லையேல் திரையில் பட்டை ஓடும். அன்றிரவே இரண்டு டிஸ்கில் நகல் எடுங்கள், அதுவரை கார்டை அழிக்காதீர்கள்.

ஆங்கிலம் சப்டைட்டிலுக்குத்தான் தேவை. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும்.

கூலி பற்றிப் பெரியம்மா மனம்விட்டுப் பேசலாம். கூலி கொடுப்பவர் உங்கள் சித்தப்பாவாகவே இருக்கலாம். படம் முடிந்து நீங்கள் புதுச்சேரிக்குத் திரும்பிவிடுவீர்கள். மறுநாள் காலை அதே களத்தில் உட்காரப் போவது பெரியம்மா. வெளியே அனுப்பும் முன் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். “இது வேண்டாம்மா” என்றால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.