கோட்டையைத் தகர்த்தவள் அண்ணனை ஏன் காப்பாற்றவில்லை?

கேள்வி: ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 22 அத்தியாயங்கள். நாயகி இளவேனிலுக்குத் தெரியாத மந்திரமே இல்லை. 18ஆம் அத்தியாயத்தில் ஒரே சொல்லில் கோட்டைச் சுவரைத் தகர்க்கிறாள். அதைப் படித்த தோழி, “இதை மூன்றாம் அத்தியாயத்திலேயே செய்திருந்தால் அவள் அண்ணன் செத்திருக்க மாட்டானே?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வீடியோ கேமில் இருப்பதுபோல் ‘மானா’ வைத்துவிடு என்கிறான் தம்பி. இப்படி விதியெல்லாம் போட்டால் மாயம் மாயமாக இருக்குமா? இன்னொன்று, மந்திரவாதி என்றால் தாடி வைத்த ஆள் நினைவுக்கு வருகிறார், சூனியக்காரி என்றால் வில்லி மாதிரி இருக்கிறது. அவளை நான் என்னவென்று சொல்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: முதலில் அந்தத் தோழியைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடத்தில் பெரும்பாலானவர்கள் “சூப்பரா இருக்கு” என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். அவருடைய மனதில் இளவேனில் இப்போது அண்ணன் சாகும்போது கைகட்டி நின்றவள். இனி அவள் எத்தனை சுவரைத் தகர்த்தாலும் அந்தக் கறை போகாது.

தம்பியின் யோசனைக்கு வருவோம். மானா என்பது பசிபிக் தீவுகளின் சொல். ஆளிடமோ பொருளிடமோ இடத்திலோ குடியிருக்கும் ஆற்றல் என்று அந்த மக்கள் அதைச் சொல்வார்கள். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவென் 1969இல் எழுதிய ஒரு சிறுகதையில் அந்தச் சொல்லை எடுத்து, தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் இயற்கை வளமாக ஆக்கினார். அதில் ஒரு மந்திரவாதி. வயது இருநூறுக்கும் மேல், ஆனால் மந்திரத்தின் தயவில் இளமையாக இருக்கிறான். மாய வாளோடு வரும் ஒரு வீரனைச் சமாளிக்க அவனிடம் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுழற்றிவிட்டால், சுற்றுவட்டாரத்தில் உள்ள மானா மொத்தமும் தீரும்வரை அது நிற்காது. மானா தீர்ந்தால் எதிரியின் வாள் மட்டுமா செத்துப்போகும்? இவனுடைய இளமையும் அதோடு போய்விடும். தெரிந்தேதான் சுழற்றுகிறான்.

விளையாட்டுகளுக்குப் போனபோது அதே மானா, மந்திர பலம் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும், தூங்கி எழுந்தால் நிரம்பிவிடும் நீலக் கோடாகச் சுருங்கிவிட்டது. விளையாட்டுக்கு அது சரிதான். கதவுக்குப் பின்னால் பெரிய அரக்கன் இருக்கிறான், கோட்டில் மிச்சம் கொஞ்சம்தான், காயத்தை ஆற்றுவதா நெருப்பை எறிவதா என்று ஆடுகிறவர் திண்டாட வேண்டும், அதில்தான் சுவை. கதை படிப்பவர் கையில் கன்ட்ரோலர் இல்லையே. “அப்போது அவளிடம் மானா தீர்ந்திருந்தது” என்று நீங்கள் எழுதினால், குழாயை மூடியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. 1950இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இன்னோர் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸ், மந்திரங்களை மண்டைக்குள் இடம் பிடிக்கும் சரக்காக வைத்தார். கடும் பயிற்சி எடுத்தவன் தலையிலேயே பெரிய மந்திரம் என்றால் நான்கு கொள்ளும், சிறியது என்றால் ஆறு. சொன்ன மாத்திரத்தில் அது மறந்துபோகும், மறுபடி ஏட்டைத் திறந்து உருப்போட வேண்டும். 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை விளையாட்டு இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் பிடித்தது, காலையிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பது. கதவு திறக்கும் மந்திரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியவன் வழியில் வெள்ளத்தைப் பார்த்தால் என்ன செய்வான்? அங்கேயே கதை பிறந்துவிடுகிறது.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே நம் கதைசொல்லிகள் இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டார்கள். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் வில்லன் கோஷேய்க்கு அதே உயிர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். கிளியின் காலை அங்கே ஒடித்தால் மந்திரவாதி இங்கே நொண்டுகிறான். இது எப்படிச் சாத்தியம் என்று எந்தக் குழந்தையாவது கேட்டிருக்கிறதா? கேட்காது. கிளி எங்கே இருக்கிறது என்பது பாதிக் கதையிலேயே அதற்குத் தெரியும். அந்த ரகசியத்தைச் சொன்னவன் யார்? பெரும்பாலும் மந்திரவாதியேதான். சிறைபிடித்து வைத்த இளவரசி இரண்டு வார்த்தை இனிமையாகப் பேசினாள், உளறிவிட்டான். மலையைப் பெயர்க்கிறவனுக்குப் பேச்சுத் துணை இல்லை! அவனை வீழ்த்தியது கிளியா, அந்தத் தனிமையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

விதி போட்டால் மாயம் போய்விடுமா என்று கேட்டீர்கள். மாயாஜால நாவல்கள் எழுதும் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். மந்திரத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் அதைக்கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அதன் சாரம். புரியாத மந்திரத்தால் சிக்கலை உண்டாக்குங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதே மந்திரத்தால் முடிச்சை அவிழ்க்கும்போதுதான் உங்கள் தோழி மாதிரி ஆட்கள் கையைத் தூக்குகிறார்கள். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் மந்திரவாதி கேண்டால்ஃபுக்கு என்னென்ன மந்திரம் தெரியும் என்று நமக்குப் பட்டியல் கிடைப்பதில்லை. கிடைக்காததும் உறுத்தவில்லை, ஏனென்றால் கதையின் சிக்கலைத் தீர்க்க மோதிரத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறவர் அவர் இல்லை.

உங்கள் கதையில் தீர்த்துவைப்பதே இளவேனில்தான். ஆகவே அவளுக்கு ஒரு விலை வேண்டும். களைப்பு, மயக்கம், மூக்கில் ரத்தம் எல்லாம் வேண்டாம், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் எதுவும் விலையாகாது. ஆயுள் குறைவதும் ஞாபகம் போவதும் எல்லோரும் எடுத்தாண்டுவிட்டார்கள். இப்படி வைத்துப் பாருங்களேன்: மந்திரமாக உச்சரித்த சொல்லை அவளால் அதற்குப் பிறகு பேச்சில் சொல்ல முடியாது. ஒருநாள் ‘தண்ணீர்’ என்று சொல்லி வறண்ட கிணற்றில் ஊற்றை வரவழைக்கிறாள். ஊரே குடிக்கிறது. மறுநாள் காலை அவளுக்குத் தொண்டை வறள்கிறது. வாயைத் திறக்கிறாள், உதடு அசைகிறது, ஒலி இல்லை. பானையைக் காட்டுகிறாள். குழந்தை சோற்றுப் பானையைக் கொண்டுவந்து வைக்கிறது.

(தமிழில் எழுதுவதால் ஒரு வம்பு இருக்கிறது. தண்ணீர் போனால் நீர் இருக்கிறது, அது போனால் புனல், அப்புறம் வாரி. கையில் நிகண்டு வைத்திருக்கும் மந்திரவாதியை யாராலும் ஜெயிக்க முடியாது! ஒரு சொல் போனால் அதே அர்த்தமுள்ள மற்ற சொற்களும் சேர்ந்தே போய்விடும் என்று முன்னாலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.)

இப்போது மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அண்ணன் விழுந்து கிடக்கிறான். அவனை எழுப்ப வேண்டுமானால் அவனைக் கூப்பிடும் சொல்லையே மந்திரமாக்க வேண்டும். அவள் தயங்குகிறாள், இரண்டு மூச்சு நேரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. 18ஆம் அத்தியாயத்தில் சுவரைத் தகர்க்க அவள் செலவழிக்கும் சொல் ‘அண்ணா’. அந்தச் சொல்லுக்கு இனி ஆள் இல்லை என்பதால் அவளால் கொடுக்க முடிகிறது. கோட்டை விழும்போது உங்கள் தோழி சுவரையா பார்த்துக்கொண்டிருப்பார்?

விலை பிடிக்கவில்லையென்றால் வேறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: கோட்டைக்கு முன்னால், ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில், அவள் அந்த விலையைக் கொடுப்பதை நாம் பார்த்திருக்க வேண்டும். கிணறும் பானையும் நான்காவது அத்தியாயத்துக்குள் வந்துவிட்டால் நல்லது.

பெயர் விஷயம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறவர்கள் விஸார்ட், சார்சரர், வார்லாக் என்று தனித்தனியாகச் சொல்வார்கள். முதலாமவர் படித்துக் கற்றவர், இரண்டாமவருக்கு அது பிறவியிலேயே வந்தது, மூன்றாமவர் ஏதோ ஒரு பெரிய சக்தியிடம் ஒப்பந்தம் போட்டுக் கடன் வாங்கியவர். மூன்று பேரின் பயமும் மூன்று விதம். ஏட்டைத் தொலைத்தால் முதல் ஆள் தீர்ந்தார், அடுத்தவருக்குத் தன் கோபத்தைப் பார்த்தே பயம், கடன்காரருக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது. இளவேனில் இதில் யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் பெயர் தேடினால் தாடிக்காரரும் வில்லியும்தான் வந்து நிற்பார்கள். சூனியம் என்ற சொல்லுக்கு ஏவல், பில்லி என்று கூட்டாளிகள் அதிகம், அதைத் தொடாதீர்கள். மாயக்காரி என்றால் ஏமாற்றுக்காரி என்றும் காதில் விழும். எனக்கென்னவோ, சொல்லைச் செலவழிக்கிறவள் என்று வைத்துக்கொண்டால் ஊர்க்காரர்களே அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. ‘ஊமைச்சி’ என்று யாரோ ஒரு கிழவி முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டிருப்பாள்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தியதும் அதே தோழியிடம் கொடுங்கள். 18ஐ இப்போதைக்குக் காட்ட வேண்டாம்.