மழையும் கடலும் மாறும் வீட்டில் மனநலத்தை ஆண்டு முழுவதும் கவனிப்பது எப்படி?

கேள்வி: குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் வசிக்கிறேன். வயது 47. கணவர் விசைப்படகில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர். ஒக்கி புயலில் என் தம்பி காணாமற்போனான், உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு நவம்பர் பிறந்தாலே தூக்கம் போய்விடுகிறது, சமைக்கவும் மனம் வருவதில்லை. சென்ற டிசம்பரில் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளில் குணம் தெரிந்தது; பிப்ரவரியில் நானே நிறுத்திவிட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில் கணவர் வீட்டிலிருக்கும் இரண்டு மாதமும் குடி அதிகமாகிறது. மகன் பிளஸ் டூ போகிறான். ‘தியானம் செய், நட’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டு முழுவதும் எங்கள் மனதைப் பார்த்துக்கொள்ள உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்குத் துன்பம் எந்த மாதத்தில் வருகிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குளிர்நாடுகளில் பகல் மிகவும் சுருங்கும் மாதங்களில் மனச்சோர்வு கூடுவது உண்டு. ஆனால் எட்டாவது அட்சரேகையை ஒட்டியிருக்கும் கன்னியாகுமரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வேறுபாடு என்பதால், அந்த விளக்கம் நமக்குப் பொருந்தாது. நம் மாவட்டத்தில் மனதின் பருவத்தைத் தீர்மானிப்பவை தொழில் நிற்கும் மாதம், பணம் வறளும் மாதம், இழந்தவர்களின் நினைவு திரும்பும் மாதம் ஆகியவையே. ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் அடைமழை நாட்களில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளிலிருந்தும் இதே குறைகள் வருகின்றன. எனவே எல்லா மாதத்துக்கும் பொதுவான ஓர் அறிவுரையைக் காட்டிலும், கடினமான மாதம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கும் கவனிப்புதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் உங்கள் மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகலாம். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது அவற்றைத் தொடர வேண்டும் என்பதே வழக்கமான மருத்துவ நடைமுறை; உங்களுக்கு நேர்வதுபோல் திரும்பத் திரும்ப வரும் சோர்வுக்கு மருத்துவர் இன்னும் நீண்ட காலம் தொடரச் சொல்லக்கூடும். டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் நிறுத்தியது மிகவும் சீக்கிரம். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. குணமானதும் நிறுத்துவது பெரும்பாலோர் செய்வதுதான். இந்த வகை மருந்துகள் குடியைப்போல் அடிமைப்படுத்துபவை அல்ல. எனினும் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் குலைவு, உடலுக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரலாம் என்பதால், மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அவ்வாறு குறைப்பதற்கும் ஏற்ற காலம் ஒன்று உண்டு. உங்களைப் போன்றவருக்கு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ குறைக்கத் தொடங்குவது, புயல் எச்சரிக்கை வந்த பிறகு படகை இறக்குவது போன்றது. நவம்பரும் டிசம்பரும் நல்லபடியாகக் கடந்த பின், ஜனவரிக்கு அப்பால் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தூக்கத்துக்கென்று தரப்படும் அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகள் மேலே சொன்ன வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் பழக்கமாகிவிடக்கூடியவை. பழைய சீட்டைக் காட்டியோ, சீட்டே இல்லாமலோ மெடிக்கல் ஸ்டோரில் அவற்றை வாங்கிப் பல ஆண்டுகள் விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவற்றையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. உங்களுக்குத் தரப்பட்டவற்றில் எது எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டு உறையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 47 வயதில் மாதவிலக்கு நிற்கும் கால மாற்றங்களும் இரவில் வியர்வையையும் விழிப்பையும் கொண்டுவரும். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றும். ஆகவே தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

தம்பியைப் பற்றி எழுதியிருப்பதைத் தனியாகவே பார்க்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் கடலில் போனவர்களில் பலருடைய உடல்கள் கரைக்கு வரவேயில்லை. உடலைப் பார்த்து, அடக்கம் செய்து, அழுது முடித்த இழப்பும் இதுவும் ஒன்றல்ல. எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி உயிரோடு இருப்பானோ என்ற எண்ணம் ஆண்டுகள் கடந்தும் முழுவதும் அணைவதில்லை. அது பலவீனமும் அல்ல, பைத்தியமும் அல்ல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, போய் நிற்க ஓரிடம் இல்லாத வீட்டுக்கு அந்த நாளிலிருந்தே சோதனை தொடங்கிவிடுகிறது. அடுத்து புயலின் நினைவுநாள், டிசம்பர் 3-இல் நிறைவடையும் கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கூட்டம், குடிலும் நட்சத்திரமும், கிறிஸ்துமஸுக்கு மறுநாளே சுனாமி நினைவு என்று எட்டு வாரம் ஓடுகிறது. ஆகவே அக்டோபரிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தம்பிக்கென்று பங்குக் கோவிலில் திருப்பலி எந்த நாளில் சொல்லப்பட வேண்டும், வீட்டில் அவன் படம் எங்கே இருக்க வேண்டும், அன்று யார் உங்களோடு இருப்பார்கள், எந்த விருந்துக்குப் போகாமல் இருக்கலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்த வீடுகளில் அந்த நாட்களின் கடுமை சற்றுக் குறைகிறது. அவன் பெயரை வீட்டில் சொல்லாமல் தவிர்ப்பது உதவாது. உங்கள் மகனுக்கும் அவன் தாய்மாமன்.

அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு காற்றழுத்தத் தாழ்வுச் செய்தியையும் பார்த்துக்கொண்டிருப்பது தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். கணவர் கடலில் இருக்கும்போது செய்தியே பார்க்காதீர்கள் என்று சொல்வது நியாயமாகாது. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைக் காலையிலும் மாலையிலும் ஒருமுறை பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேறொருவர் பார்த்து, தேவையானால் மட்டும் உங்களை எழுப்பட்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவதும், தூக்கம் வராமல் நெடுநேரம் புரண்டால் பாயை விட்டு எழுந்து வேறிடத்தில் அமைதியாக இருந்துவிட்டுத் திரும்புவதும் மாத்திரைக்கு இணையாக உதவக்கூடியவை.

இனி, வாசலில் நிற்கும் தடைக்காலத்துக்கு வருவோம். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்த உடலுக்கு முதல் சில நாட்கள் ஓய்வு தேவைதான். அதன் பிறகும் வேலையும் கூட்டாளிகளும் வருமானமும் ஒருசேர இல்லாமற்போகும்போது, வீட்டில் தனக்கு என்ன இடம் என்று தெரியாத ஆண் பாட்டிலை எடுக்கிறார். வலை சீரமைப்பு, எஞ்சின் வேலை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை போன்ற பொறுப்புகளை முதல் வாரத்திலேயே அவரிடம் நாள் குறித்து ஒப்படையுங்கள். நிவாரணத் தொகையும் சேமிப்பும் வரும் தேதிகளை வைத்து இரண்டு மாதச் செலவை அவரோடு சேர்ந்தே எழுதுங்கள். பணத்தைப் பற்றிய சண்டையே குடிக்குச் சாக்காகிற வீடுகள் நிறைய.

ஆனால் நான் மிகவும் அஞ்சுவது ஜூலை மாதத்தை அல்ல, ஆகஸ்ட் முதல் வாரத்தைத்தான். இரண்டு மாதம் அன்றாடம் அதிகமாகக் குடித்தவர் கடலுக்குப் போனதும் குடி திடீரென்று நின்றால், முதல் இரண்டு நாட்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு ஆகியவையும், அடுத்த சில நாட்களில் இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் ஆகியவையும் வரலாம். கரையிலேயே உயிருக்கு ஆபத்தான இந்த நிலை, மருத்துவர் எட்டாத ஆழ்கடலில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறதா என்று பாருங்கள். ஆம் எனில், ஜூலை நடுப்பகுதிக்குள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். மேற்பார்வையில் மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்திய பிறகே அவர் படகேற வேண்டும். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லிச் சிலர் தரும் ‘குடி நிறுத்தும்’ பொடியையோ மாத்திரையையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் அடங்கிய மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளஸ் டூ மாணவனுக்குத் தூக்கத்தைக் குறைத்துப் படிக்கும் படிப்பு தங்குவதில்லை. தேர்வு முடிவு வரும் வாரத்தில் அவனைத் தனியே விடாதீர்கள். உங்கள் துயரமும் தந்தையின் குடியும் அவனுக்குத் தெரியாது என்று எண்ணாதீர்கள். சாவைப் பற்றி அவனோ வீட்டில் வேறு எவருமோ பேசினால், “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வழக்கு வரும் என்று அஞ்சித் தாமதிக்கவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது.

நடைப்பயிற்சியும் தியானமும் கெடுதல் அல்ல, அவை உதவும். எழவே முடியாத நவம்பர் மாதத்தில் முதல்முறையாகத் தொடங்க முயல்வதுதான் பலன் தருவதில்லை. ஆகஸ்டிலேயே பழகிவிட்டால், சோர்வு வந்த பிறகும் கால் தானாக வெளியே போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவம் பார்க்கப்படுகிறது. இரவானாலும் பகலானாலும் 14416 என்ற டெலி மனஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு இப்போது அறிகுறி எதுவும் இல்லையென்றாலும், கணவர் கடலுக்குக் கிளம்பியபின் செப்டம்பரில் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, இந்த ஆண்டு மருந்து தேவையா, எப்போது தொடங்குவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். போகும்போது சென்ற டிசம்பரின் சீட்டையும் மாத்திரை உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் உறைகளைக் காட்டினாலே அவருக்குப் போதும்.