கோவென்ட்ரிக்கு வரும் திருப்பூர்த் தம்பிக்கு

தம்பி, முதுகலைப் படிப்புக்காகச் செப்டம்பரில் கோவென்ட்ரிக்கு வருவதாகவும், வாடகை அறை, பகுதிநேர வேலை, சாப்பாடு ஆகியவை எப்படி அமையும் என்று தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் என்பதால் வார இறுதிகளில் அந்த அணியின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய்வரலாமா, அல்லது உள்ளூர் அணியான கோவென்ட்ரி சிட்டியைப் பார்த்தால் போதுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அறையும் அரிசியும் எப்படியும் கிடைத்துவிடும், அவற்றுக்கு வழிகாட்ட நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் எழுத வேண்டும்.

திருப்பூரில் சனிக்கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டே பார்த்த ஆட்டத்தை இங்கிலாந்தில் பார்க்க முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இந்த நாட்டில் கால்பந்து ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்புவதில்லை. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே தெரிந்தால் சிறிய ஊர்களின் மைதானங்களுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால் 1960களிலிருந்து இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. ஓல்ட் டிராஃபோர்டுக்கு நேரில் போகலாம் என்றாலோ, உறுப்பினர் கட்டணம் கட்டிய பிறகும் சீட்டு கிடைப்பது உறுதியில்லை. அந்த ஏக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் சமூக ஊடகங்களில் சிலர் மாணவர்களுக்குப் போலிச் சீட்டு விற்கிறார்கள். அனுமதியின்றிக் கால்பந்துச் சீட்டை மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், முன்பின் தெரியாதவரிடம் ஒரு பவுண்டு கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து செவிலியராக இங்கு வந்தது 2001இல். 34 ஆண்டுகள் தொடர்ந்து முதல் பிரிவில் ஆடிய கோவென்ட்ரி சிட்டி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் அதே ஆண்டுதான். இரவுப் பணி முடிந்து வந்து பகலில் தூங்கி எழுந்தால், நாள் முழுவதும் என்னோடு பேச ஓர் ஆள் இருக்காது. பக்கத்து வீட்டில் கார்த் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய மனைவிக்கு உடல்நிலை சரியில்லாமல் போன ஒரு சனிக்கிழமை, வீணாகப் போகவிருந்த சீட்டை என்னிடம் கொடுத்து அழைத்துப் போனார். வரிசை வீடுகளுக்கு நடுவே எழுந்து நின்ற, அணியின் அன்றைய ஹைஃபீல்டு ரோடு மைதானத்தில், அணியின் நிறமான வானநீலத்தில் சால்வை போட்ட கிழவர்களும் குழந்தைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அணி தோற்றது. ஆனாலும் திரும்பி நடந்து வரும்போது, லண்டன் அணியான டாட்டன்ஹாமை 3-2 என்று வென்று, இங்கிலாந்தின் எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையைக் கோவென்ட்ரி கைப்பற்றிய 1987ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தையும், அதில் கீத் ஹவுச்சன் பாய்ந்து தலையால் அடித்த கோலையும், நேற்றுத்தான் நடந்தது போல அவர் விவரித்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள்.

நம்மவர்களைப் பற்றி ஒரு வருத்தம் எனக்கு உண்டு. பொங்கலுக்குக் கூடுகிறோம், வள்ளி கும்மி ஆடுகிறோம், நானும் ஆடுகிறேன், அது வேண்டும். ஆனால் இந்த ஊரில் பல ஆண்டுகள் இருந்தும், லிவர்பூல் பனியனைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னாலேயே எல்லா ஞாயிறுகளையும் கழிப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிவதில்லை. ஊரிலும் இதே கதைதான். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி ஐ லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் பட்டத்தை வென்றது, நம் கோவை நேரு விளையாட்டரங்கில்தான். அப்போது விடுமுறையில் வந்திருந்த நான் கேட்டபோது, இங்கிலாந்து அணிகளின் பதினொருவர் பெயரையும் ஒப்பிக்கும் என் அண்ணன் மகனுக்கு அப்படி ஓர் அணி கோவையில் ஆடுவதே தெரியவில்லை. இன்று அந்த அணி ஐ லீக்கில் இல்லை.

உள்ளூர் அணி ரசிகர்களை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது என்பதை நான் இங்கே கண்ணாரக் கண்டேன். மைதான வாடகைத் தகராறு முற்றி, 2013-14 பருவத்தில் கோவென்ட்ரி சிட்டி சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்களையே வேறு ஊரான நார்த்தாம்ப்டனுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. அணியின் முதலாளிகளுக்குப் பணம் போகக் கூடாது என்று பலர் உள்ளே போக மறுத்து, மைதானத்துக்கு வெளியே இருந்த ஒரு மேட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எங்கள் பெரியவரும் குளிரில் அங்கே நின்றார். 2019இல் மறுபடியும் பர்மிங்காமுக்குப் போக நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இருமுறை எஃப்ஏ கோப்பை வென்ற பரி அணி, கடன் சுமையால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

உங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டையும் எங்களுக்குத் தெரியும் தம்பி. 2024 ஏப்ரலில் லண்டனின் வெம்பிளி அரங்கத்தில் யுனைடெட்டோடு நடந்த எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் 70 நிமிடம் வரை 3-0 என்று பின்தங்கியிருந்த நாங்கள், 3-3 என்று சமன் செய்தோம். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் நாங்கள் போட்ட நான்காவது கோலைக் காணொளி நடுவர் ஆஃப்சைடு என்று ரத்து செய்ய, பெனால்டியில் தோற்றோம். அந்தக் கோல் ரத்தாகும் முன் இருந்த சில கணங்களில் அரங்கத்தில் எழுந்த கூச்சலை எந்தப் பெரிய அணியின் கோப்பைக்கும் ஈடாக நான் கொடுக்கமாட்டேன்.

யுனைடெட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, வாரநாளில் பாருங்கள். சனிக்கிழமையை எங்களுக்குக் கொடுங்கள். சீட்டை அணியின் இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள், மாணவர் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். டிசம்பரில் காலுறை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், கால் வழியாகத்தான் குளிர் ஏறும். இடைவேளையில் எல்லோரும் குடிக்கும் போவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாறு, வேண்டாதவர் தேநீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யுனைடெட் இங்கே ஆட வந்தால், உள்ளூர் ரசிகர் பகுதியில் சிவப்புச் சட்டையோடு உட்காராதீர்கள், காவலர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள்.