பட்டியலின் முதலிடமும் கார்த்தகோவின் கோப்பையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோஸ்ட்டா ரிக்காவின் தேசியக் கால்பந்து லீகில் கார்த்தகோ நகரின் கார்த்தகினேஸ் அணி எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2022இல் கோப்பையை வென்றதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். நான் ஐரோப்பிய லீகுகளை மட்டும் பார்த்துப் பழகியவன். அந்தப் பருவத்தில் லீக் சுற்று முடிந்தபோது முதலிடத்தில் இருந்தது அலாஹுவெலென்ஸே என்று நீங்களே சொல்கிறீர்கள். மாதக்கணக்கில் ஆடி அதிகப் புள்ளிகள் எடுத்த அணியை விட்டுவிட்டு வேறோர் அணிக்குக் கோப்பையைக் கொடுப்பது குறுக்குவழி ஆகாதா? சாபம் நீங்கியது என்று அங்கே கொண்டாடினார்களாமே, அதில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த லீகின் விதியை முழுமையாகப் பார்த்தால், நீங்கள் யாருக்காக வருந்துகிறீர்களோ அந்த அணிக்குத்தான் அது அதிகச் சலுகை தருகிறது என்பது தெரியவரும். கோஸ்ட்டா ரிக்காவில் ஓர் ஆண்டில் இரண்டு சாம்பியன்கள் உண்டு. ஆண்டின் பிற்பகுதியில் தொடங்குவது அபெர்த்தூரா, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வருவது க்ளவுசூரா. 2022இல் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அணிகள் ஒன்றையொன்று இருமுறை சந்தித்து 22 ஆட்டங்கள் ஆடியபின், முதல் நான்கு இடங்களில் இருந்தவை இரண்டாம் கட்டத்துக்குச் சென்றன. அரையிறுதி, இறுதி இரண்டும் சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணியின் மைதானத்தில் ஒன்று என்று இரண்டிரண்டு ஆட்டங்களாக நடக்கின்றன. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற அணியே இந்தக் கட்டத்தையும் வென்றுவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, கோப்பை அதற்குத்தான். வேறோர் அணி வென்றால் மட்டும் அந்த அணியும் முதலிடத்து அணியும் ‘கிரான் ஃபினால்’ எனப்படும் பெரிய இறுதியில் மோதவேண்டும்.

இதன் பொருளைக் கவனியுங்கள். முதலிடத்து அணி வழியில் ஒருமுறை சறுக்கினாலும் அதற்கு இன்னொரு வாய்ப்பு பத்திரமாகக் காத்திருக்கிறது. மற்ற மூன்று அணிகளுக்கும் அந்த வசதி இல்லை; ஓரிடத்தில் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 2022 க்ளவுசூராவில் கார்த்தகினேஸ் அரையிறுதியைத் தாண்டி, இரண்டாம் கட்டத்தின் இறுதியையும் தாண்டி, அதன்பிறகும் அலாஹுவெலென்ஸேயை வென்றாக வேண்டியிருந்தது. 22 ஆட்டங்களுக்குமேல் இன்னும் ஆறு ஆட்டங்கள் ஆடிக் கிடைத்த கோப்பையைக் குறுக்குவழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் அலாஹுவேலா நகரின் அலெஹாந்த்ரோ மொரேரா சோத்தோ மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தை நான் இணையத்தில் பார்த்தேன். அங்கே இரவு, இங்கே காலை. ஒளிபரப்பு நடுவில் இருமுறை நின்றுபோனது, காப்பி ஆறிப்போனது, நான் எழுந்திருக்கவில்லை.

இந்த ஏற்பாடு நீதியுணர்ச்சியால் மட்டும் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். முடிவு தெரியாத ஆட்டங்கள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு நுழைவுச்சீட்டு விற்கும், தொலைக்காட்சிக்கும் அதுவே வேண்டும். சிறிய நாட்டின் லீகில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் எதையும் நடத்தமுடியாது. ஆனால் அலாஹுவெலென்ஸேயின் நிலை உண்மையிலேயே பரிதாபத்துக்குரியது. 2019 அபெர்த்தூராவில் முதலிடம் பிடித்து, பெரிய இறுதியில் எரெதியானோவிடம் பெனால்ட்டியில் தோற்றார்கள். 2021 க்ளவுசூராவில் மறுபடியும் முதலிடம். நான்காவது அணியாக உள்ளே நுழைந்த சப்ரிஸ்ஸா கோப்பையை எடுத்துச் சென்றது. அதற்கடுத்த ஆண்டு கார்த்தகினேஸ். சாபம் என்று ஒன்று இருந்தால் அதை அலாஹுவேலாவில்தான் தேடவேண்டும் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

இனி அந்தச் சாபத்துக்கு வருவோம். கார்த்தகோ 1823 வரை நாட்டின் தலைநகராக இருந்த ஊர். இராசு எரிமலையின் அடிவாரத்தில் மூடுபனி படிந்து கிடப்பதால் அணிக்கே ‘புரூமோசோஸ்’, அதாவது மூடுபனிக்காரர்கள், என்று பெயர். 1906இல் கழகம் தொடங்கிய நான்காண்டுகளில், 1910இல், நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியது. அப்படிப்பட்ட ஊரின் அணி 1923, 1936, 1940 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் ஆனது. 1940 வெற்றியைக் கொண்டாடிய வீரர்கள் குதிரைமீது ஏறியபடியே தேவதைகளின் அன்னை பேராலயத்துக்குள் நுழைந்தார்கள் என்றும், சினந்த பாதிரியார் சபித்துவிட்டார் என்றும் ஒரு கதை. மைதானத்தின் மண்ணுக்குள் யாரோ ஒரு பொம்மையைப் புதைத்துவைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு கதை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் செய்வினை. ஆண்டுதோறும் தோல்வி வரும்போதெல்லாம் ரசிகர்கள் அந்தப் பொம்மையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பருவத்துக்குச் சீட்டு வாங்கினார்கள். 2013இல் இறுதிவரை வந்து எரெதியானோவிடம் பெனால்ட்டியில் தோற்றபோது பொம்மையின் புகழ் இன்னும் ஏறியது.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் காரணமாக அதை ஏற்கமாட்டேன். 1949இல் முதல் பிரிவுக்கு வந்த சப்ரிஸ்ஸா 1952இல் தன் முதல் பட்டத்தை வென்றது. 1972 முதல் 1977 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களை எடுத்தது. அதற்கும் அலாஹுவெலென்ஸே, எரெதியானோ இரண்டுக்கும் சேர்ந்த ரசிகர் கூட்டமும், அந்தக் கூட்டம் கொண்டுவரும் பணமும், பணம் கொண்டுவரும் வீரர்களும் மற்ற அணிகளின் கையிலிருந்து கோப்பையை மெல்ல மெல்ல விலக்கிவிட்டன. கார்த்தகோவில் ஒரு நல்ல முன்கள வீரன் உருவானால் இந்த மூன்றில் ஒன்று அவனைக் கேட்டு வந்துவிடும். இதற்குப் பொம்மை எதற்கு?

ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் போய் இதை வாதிடவும் மாட்டேன். ஒவ்வோர் ஆகஸ்ட் 2ஆம் தேதிக்கும் சான் ஹோசேயிலிருந்து இருபது கிலோமீட்டருக்குமேல் நடந்து அதே பேராலயத்துக்கு மக்கள் வருகிறார்கள். வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலிலேயே நகர்ந்து செல்பவர்கள் அவர்களில் பலர். குணமான காலுக்கு உலோகத்தில் சிறு கால், குணமான கண்ணுக்குச் சிறு கண் என்று அங்கே காணிக்கையாகக் குவிந்திருக்கின்றன. பெருந்தொற்றால் 2020இலும் 2021இலும் நின்றுபோயிருந்த அந்த நடைப்பயணம் மீண்டும் நடந்தது 2022 ஆகஸ்ட்டில், கோப்பை ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில். எண்பதாண்டுகளுக்கு முன் குதிரையோடு நுழைந்ததாகச் சொல்லப்படும் அதே வாசலை நோக்கி அந்த ஆண்டு நடந்தவர்களிடம் லீகின் வருவாய்க் கணக்கை யார் எடுத்துச் சொல்வது?

அதற்குள் அடுத்த அபெர்த்தூராவும் தொடங்கியிருந்தது, எல்லா அணிகளும் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து. அதையும் அதற்குப் பின்வந்த மூன்று பட்டங்களையும் சேர்த்து நான்கையும் வரிசையாக வென்ற சப்ரிஸ்ஸா, 2024இல் தன் நாற்பதாவது பட்டத்தைத் தொட்டது.

அன்புடன்.