நீளக் குச்சியா, கட்டைக் குச்சியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சொப்ஸ்டிக் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனால் நீளம், கட்டை, தட்டையான எவர்சில்வர் என்று பலவிதமாக வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: சாப்பாட்டு மேசை எப்படியோ, குச்சியும் அப்படி. சீனக் குடும்பத்தில் கறிகள் மேசை நடுவில் இருக்கும். எல்லோரும் எட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் சீனக் குச்சி ஏறத்தாழ 25 செ.மீ. நீளம், முனை மொட்டை. மேல்பாதி சதுரமாக இருப்பதால் மேசையில் உருண்டோடாது. வியட்நாம் குச்சியும் ஏறத்தாழ இதே நீளந்தான்.

ஜப்பானில் ஆளுக்கொரு கிண்ணம். அதைக் கையில் தூக்கிச் சாப்பிடுவார்கள். எட்டும் வேலை குறைவு, மீன் முள் விலக்கும் வேலை அதிகம். ஆகவே 20 முதல் 23 செ.மீ. வரை, கூர் முனை. அந்தக் குச்சிகளின் அசல் அரக்குப் பூச்சு உருஷி என்ற மரத்தின் பாலில் செய்வது. மாவும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், காய்ந்து இறுகினால் பயமில்லை.

தட்டையான எவர்சில்வர் கொரியாவுடையது. அங்கே சோறும் சூப்பும் கரண்டியால். குச்சி கிம்ச்சி போன்ற தொடுகறிகளுக்கு. பல வருடம் உழைக்கும், ஆனால் வழுக்கும். புதிதாகப் பழகுபவர் இதில் தொடங்கினால் இரண்டாம் நாளே முள்ளுக்கரண்டிக்குத் திரும்பிவிடுவார்.

முதலில் பூச்சில்லாத மூங்கில் வாங்குங்கள். அளவு பார்க்க ஜப்பானியரின் கணக்கு ஒன்று உண்டு: பெருவிரலையும் சுட்டுவிரலையும் ‘ட’ போல விரித்து, இரு நுனிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். 15 செ.மீ. வந்தால் உங்களுக்கு 22 அல்லது 23 செ.மீ. குச்சி.

கேள்வி: எப்படிப் பிடித்தாலும் இரண்டும் குறுக்கே போய்விடுகின்றன. (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கீழ்க் குச்சி அசைவதுதான் காரணம். அது அசையவே கூடாது. பெருவிரலின் அடிக்கவட்டில் அதைப் படுக்கவைத்து, மறுபக்கம் மோதிர விரலின் நகத்தோரத்தில் தாங்குங்கள். மேல்க் குச்சியைப் பேனா பிடிப்பதுபோல் பெருவிரல் நுனி, சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடியுங்கள். திறப்பதும் மூடுவதும் சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டுமே.

இரு முனைகளும் சமமாக இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. தட்டில் மெல்லக் குத்திச் சமப்படுத்துங்கள். முனைக்கு மிகக் கிட்டவும் பிடிக்காதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு மேலே பிடித்தால்தான் குச்சி முனைகள் அகலமாகத் திறக்கும். விரல் வலித்தால் இறுக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம். பொரித்த உருளைக்கிழங்குத் துண்டில் தொடங்கி, நூடில்ஸுக்கு வந்து, கடைசியாக அவித்த கடலையில் கை வையுங்கள்.

கொழும்புச் சீனக் கடைகளின் ஃப்ரைட் ரைஸ் வேறு கதை. ஜப்பானிய அரிசி ஒட்டும், ஆகவே கட்டியாக எடுக்கலாம். பாஸ்மதியும் சம்பாவும் உதிரி உதிரியாக நிற்பவை. அதற்குக் கரண்டியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மூங்கில் குச்சிகளில் கறுப்புப் புள்ளி விழுகிறது. கொதிநீரில் போட்டால் போகுமா? (வாசகி, தெஹிவளை)

பதில்: போகாது. அது பூஞ்சணம், நாருக்குள் இறங்கியபின் கொதிநீர் கறையை எடுக்காது. எறிந்துவிடுங்கள். அடுத்த செட்டை பேசினில் ஊறப்போடாமல், சவர்க்காரத்தில் கழுவி உடனே துணியால் துடைத்து, முனை மேலே இருக்க நிறுத்துங்கள். கறுப்பு பெரும்பாலும் தொடங்குவது அடியில் துளையில்லாத டம்ளரில்தான்: வடிந்த நீர் அங்கேயே தேங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஓட்டைபோட்ட தாங்கி கட்டாயம். மூடிய இழுப்பறையில் வைக்குமுன் ஒரு மணித்தியாலம் வெயில் காட்டுங்கள். அரக்குப் பூச்சுக் குச்சிக்கு மட்டும் வெயிலும் வேண்டாம், பாத்திரம் கழுவும் மெஷினும் வேண்டாம், பூச்சு வெடிக்கும்.

கேள்வி: மெலமைன் குச்சியால் ரோல்ஸ் பொரிக்கலாமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: கூடவே கூடாது. 70 பாகை செல்சியஸுக்கு மேல் மெலமைனிலிருந்து ஃபோமல்டிஹைட் என்ற நச்சுப்பொருள் கசியக்கூடும். பொரிக்கும் எண்ணெய் 170 பாகைக்கு மேல். எவர்சில்வரும் சரிவராது, சூடு கைக்கு ஏறும். சமைப்பதற்கென்றே 30 செ.மீ.க்கு மேல் நீளமான மூங்கில் குச்சிகள் உண்டு. காய்ந்த குச்சியின் முனையை எண்ணெயில் வைத்துப் பாருங்கள்: சுற்றிலும் சிறு குமிழிகள் விடாமல் எழுந்தால் பொரிக்கலாம். குச்சி ஈரமாக இருந்தால் எண்ணெய் தெறிக்கும், குமிழியும் பொய் சொல்லும்.

கேள்வி: பார்சலோடு வரும் ஒட்டுக் குச்சியைக் கழுவி மறுபடி பாவிக்கலாமா? (வாசகர், கொள்ளுப்பிட்டி)

பதில்: வேண்டாம். பூச்சற்ற மென்மரம், எண்ணெயையும் குழம்பையும் உறிஞ்சிவிடும்.

கேள்வி: ஜப்பானியர் வீட்டு விருந்துக்கு அழைப்பு. என்ன செய்யக்கூடாது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: இரண்டைத் தவிருங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள்; தகனத்தின்பின் எலும்பைக் குச்சியால் எடுக்கும் சடங்கில் அப்படிக் கைமாற்றுவார்கள். மற்றப் பிழைகளைச் சிரித்துக்கொண்டே மன்னிப்பார்கள். இடையில் ஓய்வெடுக்கும்போது குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைக்காமல், முன்னாலுள்ள சிறு தாங்கியில் முனை இடப்பக்கம் பார்க்க வையுங்கள்.