பிசறுதலும் பிசைதலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்களிடம் சமையல் கேள்வி கேட்கலாமா என்று தெரியவில்லை. கையால் எழுதிய பழைய நோட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

என் பாட்டி ஆப்பிள் பை செய்வார். அதன் க்ரஸ்ட், அதாவது ஆப்பிளைச் சுற்றியிருக்கும் மாவு ஓடு, வாயில் வைத்ததும் இதழ் இதழாக உதிரும். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவருடைய நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயை மாவில் பிசறி, வேண்டிய அளவு குளிர்ந்த நீர் தெளித்துத் திரட்டவும். ஆறப் போட்டுத் தேய்க்கவும்."

மூன்று முறை செய்துவிட்டேன். எலெக்ட்ரானிக் தராசு வாங்கி, 300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய் என்று சரியாக நிறுத்தேன். மாவு உதிர்ந்துகொண்டே இருந்ததால் இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றி, மென்மையாகும்வரை பத்து நிமிடம் பிசைந்தேன். வெந்து வந்தால் அட்டை மாதிரி இருக்கிறது. ஓரமெல்லாம் சுருங்கித் தட்டுக்குள் சரிந்துவிடுகிறது. ஒருவர் வினிகர் சேர்க்கச் சொல்கிறார், ஒருவர் வோட்கா என்கிறார், இன்னொருவர் ஃபுட் பிராசஸர் இல்லாமல் முடியாது என்கிறார். எதைக் கேட்பது? நீரின் அளவைப் பாட்டி ஏன் எழுதவில்லை? எதையோ மறைத்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றுகிறது. நான் எதையாவது புதிதாகச் சேர்த்தால் அது பாட்டியுடைய பையாக இருக்குமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வழக்கமாகச் சமையல் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதுகிறேன் என்றால், உங்கள் பாட்டியின் அந்த மூன்று வாக்கியங்களில் உள்ள ஒரு சொல் கொஞ்ச நாளாகவே என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கோபம். பாட்டி மறைத்துவிட்டாரோ என்று எப்படி அம்மா உங்களால் எழுத முடிந்தது? அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் எண்களை மட்டும் படித்திருக்கிறீர்கள். மூன்று பங்கு, இரண்டு பங்கு என்றதும் தராசு வாங்கக் கடைக்குப் போனீர்கள். அதற்கு அடுத்த வரியில் அவர் ஐந்து வினைச்சொற்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: பிசறி, தெளித்து, திரட்டவும், ஆறப் போட்டு, தேய்க்கவும். இவற்றில் நீங்கள் செய்தது கடைசி ஒன்றைத்தான். அவர் பிசறச் சொன்னார், நீங்கள் பிசைந்தீர்கள். தெளிக்கச் சொன்னார், ஊற்றினீர்கள். ஆறப் போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிசறுவது வேறு, பிசைவது வேறு. பிசறுவது விரல் நுனியின் வேலை. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வெண்ணெயையும் மாவையும் எடுத்து, லேசாகத் தேய்த்து, மேலிருந்து உதிர்த்துவிட வேண்டும். உள்ளங்கை மாவில் படவே கூடாது. பிசைவது உள்ளங்கையின் அடிப்பாகத்தால், தோளின் பலத்தைக் கொடுத்து அழுத்துவது. அளைவது இன்னொன்று, குழைப்பது இன்னொன்று, மசிப்பது இன்னொன்று. கையின் எந்தப் பகுதி, எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருந்த மொழி இது. இன்றைய சமையல் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். மாவைச் சேர்க்கவும், வெண்ணெயைச் சேர்க்கவும், நீரைச் சேர்க்கவும், நன்றாகக் கலக்கவும். எல்லாவற்றுக்கும் சேர்க்கவும்தான்! அந்தச் சொல்லைப் படித்தால் கைக்கு என்ன தெரியும்? அப்புறம் கை தடுமாறுகிறது, அதை ஈடுகட்ட கிராமும் மில்லிலிட்டரும் தேவைப்படுகின்றன.

பாட்டி பிசறச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம்போல நீர். 20 டிகிரி செல்சியஸிலேயே அது குழையத் தொடங்கும், 35 டிகிரிக்குள் உருகியே போகும். உள்ளங்கைச் சூடு அதற்குப் போதும். விரல் நுனியால் பிசறும்போது வெண்ணெயில் ஒரு பங்கை மாவு பூசிக்கொள்கிறது. மீதி பட்டாணி அளவுத் துண்டுகளாகவே தங்கிவிடுகிறது. மாவைத் தேய்க்கும்போது அந்தத் துண்டுகள் தட்டையாகி மாவுக்கு நடுவே ஏடுகளாகப் படிகின்றன. ஓவனின் சூட்டில் வெண்ணெய் உருகி, அதில் இருக்கும் நீர் ஆவியாகிறது. ஆவியானால் நீர் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவிதான் மாவை ஏடு ஏடாகத் தூக்குகிறது. பாட்டியின் பையில் நீங்கள் பார்த்த இதழ் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு வெண்ணெய்த் துண்டு இருந்த இடம். நீங்கள் பத்து நிமிடம் பிசைந்ததில் அத்தனை துண்டுகளும் மாவோடு மாவாகக் கரைந்துபோயின. தூக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அதோடு முடியவில்லை. மைதாவில் இருக்கும் இரண்டு புரதங்கள் நீர் பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக் குளூட்டன் என்ற வலையாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை இறுகும். ரொட்டிக்கு அது வேண்டும். பைக்கு அது எதிரி. இறுகிய வலை ரப்பர் மாதிரி, இழுத்துத் தட்டில் பரப்பினாலும் சூடு பட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். ஓரம் உள்ளே சரிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, இதனால்தான்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் பெரியம்மாவும் பை செய்வார். விடியற்காலையில், சமையலறை சூடாவதற்கு முன்பு செய்வார். குளிர்ந்த நீரில் கையை நனைத்து வைத்திருந்து, துடைத்துவிட்டுத்தான் மாவைத் தொடுவார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உதவுகிறேன் என்று போய் இரண்டு கையாலும் மாவை அழுத்தினேன். என் புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. "பிசையாதேடா, பிசறு" என்றார். அப்புறம் என் விரல்களைப் பிடித்து, மாவுக்கு மேலே கொண்டுபோய் எப்படி உதிர்ப்பது என்று காட்டினார். நீரை விரலில் தொட்டுத் தொட்டுத் தெளித்தார். ஒரு பிடி மாவை எடுத்து என் கையில் வைத்து, "இறுக்கிப் பிடி. பிடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும். அதுக்கு மேல ஒரு சொட்டுகூட வேண்டாம்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டவன் நான்தான். அந்த வீட்டில் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைத்தான் எல்லாரும் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அக்கா எடுத்துக்கொண்டாள், சித்தி பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், அக்காவின் மகள் தன் கல்யாணத்தின்போது எடுத்துக்கொண்டாள். பெரியம்மா போன பிறகு யார் செய்தாலும் அந்தப் பை வரவில்லை. கைப்பக்குவம் அவரோடு போய்விட்டது என்று வருத்தத்தோடு பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் நம்பினேன். உங்களைப் போலவே, அவர் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டார் என்று ஒரு முறை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அந்தப் பழைய தாள் கிடைத்தது. "வெண்ணெயை மாவுடன் சேர்த்து நன்கு பிசைந்து" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பிசறு என்று அவர் சொன்னதை நான் பேச்சுவழக்கு என்று நினைத்துத் திருத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய பையன், எழுத்துக்கு இது சரிப்படாது என்று முடிவு செய்திருக்கிறான். பிசறு அகராதியில் உள்ள நல்ல தமிழ்ச்சொல். 'நன்கு' என்ற சொல்லையும் நானேதான் சேர்த்திருக்க வேண்டும், பெரியம்மா அப்படிப் பேசுகிறவரே அல்ல. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பமே இத்தனை வருடமாக என் திருத்தத்தைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறது. அவருடைய கை எங்கேயும் போகவில்லை, நான்தான் அதை அடித்து எழுதினேன்.

உங்கள் பாட்டி தன் நோட்டைத் தானே எழுதினார். அதனால் சொல் பிழைத்தது. நீங்கள் அந்த வரியை எனக்கு அப்படியே எடுத்து எழுதிவிட்டு, ஐந்தாறு வரி தள்ளிப் பிசைந்தேன் என்று எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு கடுமையாகப் பேசினேன், மன்னியுங்கள்.

நீரின் அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாவு, வெண்ணெய், நீர் மூன்றும் எடையில் மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. உங்கள் 300 கிராம் மாவுக்கு 100 கிராம் நீர் வரும். ஆனால் அது வந்து நிற்கும் இடம் மட்டுமே. வெண்ணெயை எவ்வளவு பிசறினோமோ அவ்வளவுக்கு மாவு கொழுப்பைப் பூசிக்கொண்டு நீரைக் குறைவாகக் குடிக்கும். மாவில் புரதம் கூடினால் கூடுதலாகக் குடிக்கும். போன வாரம் திறந்த மாவும் இன்று திறந்த மாவும் ஒரே மாதிரி குடிப்பதில்லை. வேண்டிய அளவு என்று பாட்டி எழுதியது சோம்பலால் இல்லை. ஓர் எண்ணைப் போட்டிருந்தால் அது பல நாள் பொய்யாகியிருக்கும். அதற்குப் பதில் 'தெளித்து' என்று எழுதினார். தெளிக்கிற கைக்கு ஒரேயடியாக ஊற்றத் தெரியாது, நிறுத்தி நிறுத்தித்தான் போகும். உதிரியாக இருக்கும் மாவைப் பார்த்துப் பயந்துதான் நீங்கள் ஊற்றியிருக்கிறீர்கள். அது உதிரியாகத்தான் இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கி ஒதுக்கித் திரட்டுங்கள், உருண்டை கொஞ்சம் கரடுமுரடாக, அங்கங்கே வெண்ணெய் தெரிய இருக்கட்டும். மீதி ஈரத்தை ஆறப் போடும் நேரம் பார்த்துக்கொள்ளும்.

ஆறப் போடுவது என்றால் மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். நீர் எங்கும் சமமாகப் பரவும், இறுகிய வலை தளரும், வெண்ணெய் மறுபடி கெட்டியாகும். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். தேய்த்த பிறகு தட்டில் போடும்போது இழுத்துப் பொருத்தாமல் தளர்வாக இறக்குங்கள், தட்டோடு இன்னொரு அரை மணி நேரம் உள்ளே வையுங்கள். 200 டிகிரிக்குக் குறையாத சூட்டில் ஓவன் தயாராக இருக்கட்டும்.

வினிகர் ஒரு ஸ்பூன் விடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு நிறம் மங்காமல் இருக்கும், அவ்வளவுதான். வோட்கா யோசனை 2007இல் குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற அமெரிக்கச் சமையல் இதழில் வந்து பரவியது. ஆல்கஹாலில் குளூட்டன் உருவாகாது என்பதால் அது வேலை செய்யும், சந்தேகமில்லை. பிசறத் தெரிந்த கைக்கு அது தேவைப்படாது. மெஷின் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சில நொடிகளில் நிறுத்தத் தெரிந்தால். நிறுத்தத் தெரிய வேண்டுமென்றால் முதலில் விரலால் செய்து பார்த்திருக்க வேண்டும். எதையாவது சேர்த்தால் பாட்டியின் பையாக இருக்குமா என்ற கேள்விக்கு இப்போது நேரமில்லை. முதலில் அவர் எழுதியதைச் செய்யுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அக்காவின் மகளுக்குப் போன் செய்தேன். தாளில் உள்ள அந்த வரியை அடித்துவிட்டுப் பிசறி என்று எழுதச் சொன்னேன். அவள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லையாம். எப்படி என்று கேட்டாள். போனில் விரலைக் காட்ட முடியாதே, கட்டைவிரலைச் சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டிவிரல்வரை தேய்த்துக்கொண்டு வா என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமா, பெரிய பாட்டி வெறுங்கையிலகூட இப்படிப் பண்ணிட்டே உட்கார்ந்திருப்பாங்களே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் செய்துவிட்டு எழுதுங்கள்.